பெங்களூர்ப் பாறைகளின் செம்மஞ்சள் படிவு: பெயர் பெறாத ஓர் உயிரின் வரலாறு

பெங்களூர் லால்பாக் தோட்டத்தினுள் ஒரு பெரும் பாறைக்குன்று உண்டு. கெம்பேகவுடர் மரபோடு இணைத்துப் பேசப்படும் காவல் கோபுரம் அதன் உச்சியில் நிற்கிறது. 1760இல் ஹைதர் அலி இத்தோட்டத்தைத் தொடங்கியபோதும் அக்குன்று அங்கேதான் இருந்தது. அது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடைய தீபகற்ப நைஸ் பாறை என்றும், தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்றும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பலகை அறிவிக்கிறது. 'தீபகற்ப நைஸ்' என்ற பெயரை 1916இல் முன்மொழிந்தவர் மைசூர் அரசின் புவியியல் துறையைச் சேர்ந்த டபிள்யூ. எஃப். ஸ்மீத்.

இவ்வாறு ஒரே பாறையை வரலாற்றாளர் கோபுரத்தின் அடித்தளமாகவும், தாவரவியலார் தோட்டத்தின் எல்லையாகவும், புவியியலார் நிலவோட்டின் பழஞ்சான்றாகவும் வாசித்திருக்கின்றனர். ஆனால் பாறையின் மேற்பரப்பில் வாழ்வதை இம்மூவரும் பெரும்பாலும் கறை என்றே கடந்து சென்றனர். சாவனதுர்கா, ராமநகரம், நந்தி மலை எனப் பெங்களூரைச் சூழ்ந்த குன்றுகளில் வெயில் நேரே விழும் பாறை முகங்களை அணுகிப் பார்ப்போர் இக்'கறை'களைக் காணலாம். சாம்பல், கருமை, வெளிர்பச்சை ஆகிய நிறங்களுக்கிடையே மஞ்சளும் செம்மஞ்சளுமான திட்டுகள், யாரோ வண்ணக்குழம்பைத் தெளித்ததுபோல் கல்லோடு ஒட்டிக் கிடக்கும். அவை லைக்கன்கள். இந்தச் செம்மஞ்சள் படிவு கடந்த இருநூறு ஆண்டுகளில் எவ்வாறு அறியப்பட்டது, எவ்வாறு அறியப்படாமல் போனது என்பது இந்திய அறிவியல் வரலாற்றின் ஒரு சிறு பகுதி. சிறிதாயினும், நம் அறிவுத்துறைகள் எதைக் காணப் பழகியிருக்கின்றன என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

லைக்கன் என்பது தனியொரு தாவரமன்று. ஒரு பூஞ்சையும் ஒளிச்சேர்க்கை செய்யும் பாசியும் (சிலவற்றில் நீலப்பச்சைப் பாக்டீரியாவும்) சேர்ந்து அமைத்த கூட்டுடல் அது. உருவத்தைத் தருவது பூஞ்சை; உணவைத் தருவது பாசி. புதர்போல் கிளைப்பவை, இலைபோல் விரிபவை, ஓடுபோல் கல்லோடு ஒன்றிப்போனவை என இவற்றை மூவகையாகப் பிரிப்பர். பாறையின் செம்மஞ்சள் படிவுகளில் பெரும்பாலானவை மூன்றாம் வகையின. அவற்றுள் பல 'காலோப்ளாக்கா' என்ற பேரினத்தின்கீழ் வைத்து அறியப்பட்டவை. அழகிய தட்டு எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆன பெயர் அது. வெப்பமண்டலப் பாறைகளில் பரவலாகக் காணப்படும் ஓர் இனத்துக்கு 'சின்னபாரினா' என்பது சிறப்புப் பெயர். சாதிலிங்கத்தின் நிறமுடையது என்று அதற்குப் பொருள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை முதலில் விவரித்தவர் ஸ்வீடனின் எரிக் அக்காரியஸ். லின்னேயஸின் கடைசி மாணவர் எனப் போற்றப்படும் அவரே லைக்கனியலைத் தனித்துறையாக நிலைநிறுத்தியவர்.

அந்நிறம் வெறும் அலங்காரமன்று. பாரியட்டின் என்ற ஆந்த்ராகுவினோன் வகை நிறமி, உடலத்தின் மேற்பரப்பில் நுண்படிகங்களாகப் படிந்திருக்கிறது. அது நீல ஒளியையும் புறஊதாக் கதிரையும் உறிஞ்சி, கீழே உள்ள பாசிச் செல்களைக் காக்கிறது. திறந்த வெளியில் வளரும் உடலம் ஆழ்ந்த செம்மஞ்சளாகவும், நிழலில் வளர்வது வெளிறியும் இருப்பதற்கு இதுவே காரணம். இதே குடும்பத்தைச் சேர்ந்த 'சாந்தோரியா எலிகன்ஸ்' என்ற பாறை லைக்கன் 2005இல் விண்கலத்தில் ஏற்றப்பட்டு, இரு வாரங்கள் விண்வெளியின் வெற்றிடத்திலும் கதிர்வீச்சிலும் வைக்கப்பட்ட பின்னும் உயிர்த்திருந்தது. கோடை நண்பகலில் கொதிக்கும் தக்காணப் பாறையில் வாழ்வதற்கு இத்தகைய உடலமைப்பு வேண்டியிருக்கிறது.

இத்தனை கண்ணைக் கவரும் ஓர் உயிருக்கு நம் மொழிகளில் தனிப்பெயர் வழக்கில் இல்லை. லைக்கன்களையே நம் முன்னோர் அறியாதிருந்தனர் என்று இதற்குப் பொருளாகாது. செட்டிநாட்டுச் சமையலில் தாளிப்புக்கு இடும் கல்பாசி ஒரு லைக்கன். கன்னடத்தில் அது 'கல்லு ஹூவு', அதாவது கல்லில் பூத்த பூ. ஆயுர்வேத நூல்கள் 'சைலேயம்' என்று கூறுவதும் கல்லில் பிறந்தது என்ற பொருளுடையதே. மூன்று மொழிகளும் கல்லைக் கொண்டே பெயரிட்டிருப்பது கருதத்தக்கது. ஆனால் இப்பெயர்கள் யாவும் உரித்தெடுக்கக்கூடிய, மணமுள்ள, விலைபோகும் சாம்பல்நிற இலைவகை லைக்கன்களுக்கே உரியவை. அடுக்களைக்கும் மருந்துப்பைக்கும் பயன்பட்டது பெயர் பெற்றது. கல்லோடு ஒட்டிய செம்மஞ்சள் ஓடோ எதற்கும் பயன்படவில்லை. ஆகவே அது நிறமாகவே நின்றுவிட்டது.

காலனியக் காலத்துத் தாவரவியலும் இவ்வகையில் வேறுபட்டு நடக்கவில்லை. தென்னிந்திய லைக்கன்கள் ஐரோப்பிய அறிவுலகை அடைந்த வழிகளுள் முக்கியமானது புதுச்சேரி வழி. புதுச்சேரித் தாவரவியல் தோட்டத்தோடு தொடர்புடைய பெலாஞ்சே, பெரொத்தே ஆகிய இருவர் பெயரும் இங்கு நினைக்கத்தக்கவை. சாயம் தரும் கடற்கரை லைக்கனான 'ரொசெல்லா மொன்டாக்னை'க்குப் பெயரிட்டவர் பெலாஞ்சே. நீலகிரியில் பெரொத்தே திரட்டிய மாதிரிகளை ஆராய்ந்து 1842இல் வெளியிட்டவர் பாரிஸைச் சேர்ந்த கமில் மொன்டாக்னே. இலங்கையில் த்வெய்ட்ஸ் சேகரித்தவை லண்டனுக்குச் சென்று 1870இல் லெய்ட்டனின் கட்டுரையாயின. மாதிரிகள் இங்கிருந்து புறப்பட்டன. பெயர்கள் அங்கிருந்து திரும்பின. பெயருக்கு அடிப்படையான மூலமாதிரிகள் பலவும் இன்றளவும் ஐரோப்பிய உலர்தாவரத் தொகுப்புகளில்தான் இருக்கின்றன. இந்திய ஆய்வாளர் ஒருவர் தம் வாசலில் வளரும் லைக்கனை உறுதிசெய்யப் பாரிஸையோ லண்டனையோ ஹெல்சின்கியையோ நாட வேண்டிய நிலை இப்படித்தான் உருவாயிற்று.

சேகரிப்பின் கருவியும் அறிவின் எல்லையை வகுத்தது. மரப்பட்டையில் வளரும் இலைவகை லைக்கனைக் கத்தியால் பெயர்த்து உறையில் இடலாம். பாறையின் ஓட்டுவகையைப் பெற வேண்டுமாயின் சுத்தியலும் உளியும் கொண்டு கல்லையே சில்லாகப் பெயர்க்க வேண்டும். அக்கற்களை மாட்டுவண்டியிலும் கப்பலிலும் சுமக்க வேண்டும். பயணியின் பெட்டிக்கு எது இலகுவோ அது அறிவியலுக்கும் இலகுவாயிற்று. இந்தியாவின் லைக்கனியலைத் தன் காலில் நிற்கச் செய்தவர் லக்னோ பல்கலைக்கழகத்தின் டி. டி. அவஸ்தி. சிதறிக் கிடந்த பதிவுகளைத் திரட்டி இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் லைக்கன் பட்டியலை 1965இல் அவர் வெளியிட்டார். இனங்காண் நூல்களை எழுதியபோது, பெருலைக்கன்களுக்கு உரியது 1988இல் வந்தது. ஓட்டுவகை உள்ளிட்ட நுண்லைக்கன்களுக்கு உரியது 1991இல்தான் வந்தது. கல்லோடு ஒட்டியவை வரிசையில் பின்னே நின்றமையை இவ்விரு ஆண்டுகளுமே உணர்த்தும். 2010இல் வெளியான பட்டியலின்படி இந்தியாவில் அறியப்பட்ட லைக்கன்கள் 2,300க்கும் மேற்பட்டவை.

இவ்வரலாற்றின் அடுத்த கட்டம் பாரிஸில் நிகழ்கிறது. பெங்களூரைப் புரிந்துகொள்ள அது தேவைப்படுகிறது. பின்லாந்தில் பிறந்த வில்லியம் நைலாண்டர் ஹெல்சின்கியில் பேராசிரியர் பதவியைத் துறந்து 1863இல் பாரிஸில் குடியேறியவர். 1866இல் அவர் இரண்டு காரியங்களைச் செய்தார். முதலாவது வேதியியல் சார்ந்தது. லைக்கன் உடலத்தின்மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு துளி இட்டு, நிறமாற்றத்தைக் கொண்டு இனம் பிரிக்கும் முறையை அவர் புகுத்தினார். செம்மஞ்சள் லைக்கனின்மேல் அத்துளி விழுந்தால் அது நொடியில் ஆழ்ந்த செவ்வூதாவாகும். பாரியட்டின் அங்கே இருப்பதற்கு அதுவே சான்று. இன்றும் கள ஆய்வாளரின் பையில் அந்தச் சிறு குப்பி இருக்கிறது.

இரண்டாவது, லுக்சம்பூர் தோட்டத்து லைக்கன்களைப் பற்றிய கட்டுரை. நகரின் பிற பகுதிகளில் காணக்கிடைக்காத பல இனங்கள் அத்தோட்டத்தில் வாழ்வதைக் கண்ட அவர், லைக்கன்கள் காற்றின் நலத்தை அளக்கும் கருவியாகின்றன என்று கருதினார். வேரின்றி, காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் நேரே உணவைப் பெறும் உயிர்கள் காற்றின் நஞ்சையும் அவ்வாறே பெறுகின்றன. நிலக்கரிப் புகையின் கந்தக டைஆக்சைடு அவற்றுள் பலவற்றைக் கொன்றது. 1896 அளவில் நைலாண்டர் கண்ட லைக்கன்கள் அத்தோட்டத்திலிருந்து மறைந்துவிட்டன. காற்றில் கந்தகம் குறைந்த பின், 20ஆம் நூற்றாண்டின் இறுதியில், லைக்கன்கள் அங்கு மீளக் குடியேறியதை ஆய்வாளர் பதிவு செய்தனர்.

இங்கு ஒரு முரணையும் குறிப்பிட வேண்டும். லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்த இருமை என்ற கருத்தை 1867இல் சைமன் ஷ்வெண்டெனர் அறிவித்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் நைலாண்டர் முதன்மையானவர். 1899இல் இறக்கும்வரை அவர் அதை ஏற்கவில்லை. லைக்கன் என்ன உயிர் என்பதில் தவறியவர், அது எதைச் சொல்கிறது என்பதில் தவறவில்லை. கோட்பாட்டில் பிழைத்தவரின் பட்டியலும் பிற்காலத்துக்குப் பயன்படும் என்பதற்கு இதைவிடத் தக்க சான்று வேண்டியதில்லை.

நிறமியின் கதை இந்தியாவில் தமிழ்நாட்டார் ஒருவரின் கையில் தொடர்ந்தது. 1900இல் குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் முனைவர் பட்டம் பெற்று, வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் தில்லியிலும் இயற்கைப் பொருள் வேதியியலை வளர்த்தவர். 1940களில் அவரும் அவருடைய மாணவர்களும் 'இந்திய லைக்கன்களின் வேதியியல் ஆய்வு' என்ற தொடர் கட்டுரைகளை எழுதினர். அவை வெளிவந்த இடம் இந்திய அறிவியல் கழகத்தின் நடவடிக்கைத் தொகுதிகள்; அக்கழகத்தைச் சி. வி. ராமன் 1934இல் நிறுவியது பெங்களூரில். 'ரொசெல்லா மொன்டாக்னை'யில் தொடங்கிய அத்தொடர், சந்தன மரங்களில் வளரும் லைக்கன்களையும், பொன்னிறப் புதர்வகை லைக்கனான 'டெலோஸ்கிஸ்டஸ் ஃப்ளாவிகன்ஸ்' என்பதையும் ஆராய்ந்தது. அப்பொன்னிற லைக்கனிலிருந்து பிரித்தெடுத்த புதிய நிறமிக்கு அவர்கள் 'டெலோஸ்கிஸ்டின்' என்று பெயரிட்டு, அதன் அமைப்பையும் 1950களின் தொடக்கத்திற்குள் நிறுவினர். பாரியட்டினுக்கு மிக நெருங்கிய உறவுடைய மூலக்கூறு அது. பாறையின் செம்மஞ்சளும் இந்தப் பொன்னிறமும் ஒரே குடும்பத்தின் வேதியியல்.

உலகப் போர்க் காலத்து இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில், எளிய கருவிகளைக் கொண்டு நடந்த இவ்வாய்வு பெருமைக்குரியது. எனினும் அது லைக்கனை அணுகிய முறையையும் கவனிக்க வேண்டும். வேதியியலாருக்கு வேண்டியது கிலோ கணக்கில் திரட்டி, உலர்த்தி, கரைப்பானில் ஊறவைக்கத்தக்க மூலப்பொருள். புதர்வகையும் இலைவகையும் அதற்கு ஏற்றவை. பாறையோடு ஒன்றிய மெல்லோட்டைச் சுரண்டி அத்தனை எடை சேர்ப்பது அரிது. ஆகவே நிறமியின் உறவு அறியப்பட்ட பின்னும், அந்நிறத்தைப் பெருமளவில் நம் கண்முன் விரித்திருக்கும் பாறைப்படிவு ஆய்வுக்கூடத்தின் வெளியேதான் நின்றது.

பெங்களூரின் லைக்கன்கள் நேரடியாகப் பேசப்பட்டது 2003இல். பெங்களூரிலிருந்து 1932 முதல் வெளிவரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் சஞ்சீவ நாயகா, டி. கே. உப்ரேத்தி, மாதவ் காட்கில், விவேக் பாண்டே ஆகியோர் எழுதிய கட்டுரை, லால்பாக்கைச் சிறப்பாகக் கருதி நகரின் லைக்கன் பரவலையும் அவற்றில் சேர்ந்த கன உலோகங்களையும் ஆராய்ந்தது. தோட்டத்தின் முந்தைய லைக்கன் பதிவுகளோடு ஒப்பிட்டு மாற்றத்தை அளந்தமை அக்கட்டுரையின் தனிச்சிறப்பு. லுக்சம்பூரில் 1866இல் நைலாண்டர் தொடங்கிய கேள்வியை லால்பாக் 137 ஆண்டுகளுக்குப் பின் எதிர்கொண்டது. நிலக்கரிப் புகையின் இடத்தில் வாகனப் புகையும் கட்டுமானத் தூசும் இருந்தன.

இத்தகைய ஆய்வுகளிலிருந்து 'லைக்கன் இருந்தால் காற்று தூய்மை' என்ற ஒற்றை வரி பொதுவெளியில் பரவியிருக்கிறது. அது பாதி உண்மையே. கந்தகத்தைத் தாங்காத லைக்கன்கள் பல. ஆனால் நைட்ரஜன் மிகுந்த சூழலை விரும்புபவையும் உண்டு. செம்மஞ்சள் லைக்கன்கள் பல இப்பிரிவில் அடங்கும். பறவைகள் அமர்ந்து எச்சமிடும் பாறை முகடுகளில் அவை செழிப்பது இதனாலேயே. ஐரோப்பாவில் கந்தகம் குறைந்து, வேளாண்மையின் அம்மோனியாவும் வாகனங்களின் நைட்ரஜன் ஆக்சைடும் மிகுந்தபோது 'சாந்தோரியா பாரியட்டினா' என்ற செம்மஞ்சள் லைக்கன் மரங்களெங்கும் பெருகியது. ஆகவே நிறம் மிகுந்த பாறை நலமான காற்றுக்குச் சான்றாகலாம். மாறிப்போன காற்றுக்கும் சான்றாகலாம். எந்த இனம், எத்தனை பரப்பு, எப்போதிருந்து என்ற மூன்றும் தெரிந்தால்தான் சான்று சான்றாகும். நகர ஆய்வுகள் பெரிதும் மரப்பட்டையை நாடுவதால், பாறையைப் பற்றி இம்மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லும் பதிவுகள் மெலிந்தே இருக்கின்றன.

பாறையையும் கல்லையும் இடைவிடாது அணுகிய துறை ஒன்று உண்டு, அது கல்வெட்டியல். பெங்களூரில் பிறந்த பி. எல். ரைஸ் தொகுத்த 'எபிகிராஃபியா கர்நாடிகா' வரிசையில் பெங்களூர் மாவட்டத் தொகுதி 1905இல் வெளிவந்தது. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயில், மடிவாளச் சோமேசுவரர் கோயில் முதலியவற்றின் தமிழ்க் கல்வெட்டுகள் இந்நகரின் இடைக்கால வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகள். மடிவாளத்தின் 1247ஆம் ஆண்டுக் கல்வெட்டு வெங்களூரின் பெரிய ஏரியை அடுத்த நிலத்தைக் குறிப்பிடுகிறது. இத்தகைய கல்வெட்டை வாசிக்க மைப்படி எடுக்க வேண்டும். மைப்படி எடுக்குமுன் கல்லை நீரூற்றித் தூரிகையால் தேய்த்துத் தூய்மை செய்ய வேண்டும். எழுத்தின் பள்ளத்தில் வேரூன்றியதுபோல் அமர்ந்திருக்கும் லைக்கன் அங்கே வாசிப்புக்குத் தடை. அதைத் தேய்த்தவர் மீது குற்றமில்லை. எழுத்து வெளிப்படாவிடில் ஊரின் பெயரே வெளிப்பட்டிராது.

தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவுக்கும் லைக்கன் நோயே. நீர்த்த அம்மோனியா, மென்மையான தூரிகை, பின்னர் உயிர்க்கொல்லிப் பூச்சு என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் முறை. அதற்கு நியாயமும் இருக்கிறது. லைக்கனின் பூஞ்சை இழைகள் கனிமத் துகள்களுக்கிடையே நுழைந்து, நனைந்தும் உலர்ந்தும் விரிந்து சுருங்கிக் கல்லைத் தளர்த்துகின்றன. ஆக்சாலிக் அமிலம் கனிமங்களைக் கரைக்கிறது. மறுபுறம், சில சூழல்களில் லைக்கன் ஓடு மழை, காற்று ஆகியவற்றின் நேரடித் தாக்குதலிலிருந்து கல்லைக் காக்கிறது என்றும், வன்மையாக அகற்றினால் அதனோடு ஒட்டிய கல்துகளும் பெயர்ந்துவிடும் என்றும் பாதுகாப்பியலாரிடையே விவாதம் நிகழ்கிறது. கல்லின் வகை, லைக்கனின் இனம், தட்பவெப்பம் ஆகிய மூன்றையும் பொறுத்தே முடிவு அமையும். எல்லாக் கல்லுக்கும் ஒரே கரைசல் என்பது பொருந்தாது.

அகற்றும்போது இழக்கப்படுவது இன்னொன்றும் உண்டு. ஓட்டுவகை லைக்கன்கள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரோ அதன் சிறு பகுதியோ வளரும் இயல்பின. இதைப் பயன்படுத்தி, பாறை எத்தனை காலம் திறந்து கிடக்கிறது என்று கணிக்கும் முறையை 1950களில் ஆல்ப்ஸ் பகுதியில் உருவாக்கியவர் ரோலண்ட் பெஷெல். வளர்ச்சி வேகத்தை அறிய அவர் நாடிய சான்றுகளுள் கல்லறைக் கற்களும் அடங்கும். அவற்றில் ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது. பெங்களூரிலும் ஆண்டு தெரிந்த கற்களுக்குக் குறைவில்லை: கல்வெட்டுப் பலகைகள், காலனிய காலத்துக் கல்லறைகள், ஆண்டு பொறித்த கட்டடங்கள், நாள் தெரிந்த கல்குவாரி முகங்கள். வெப்பமண்டல வளர்ச்சியின் வேகம் ஆல்ப்ஸின் வேகமாக இராது. அதை இங்கேயே அளக்க வேண்டும். அளந்தால், 750 ஆண்டுக் கல்லொன்று எப்போது புரட்டப்பட்டது, எப்போது கடைசியாகச் சுண்ணாம்பு பூசப்பட்டது என்பன போன்ற, எழுத்தில் இல்லாத செய்திகளை லைக்கன் சொல்லக்கூடும். கல்லின் மேலுள்ள எழுத்துக்காக, அக்கல்லின் பிற்கால வரலாறு பதிவின்றித் துடைக்கப்படுகிறது.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். அடுக்களை மணத்தைத் தேடியது. காலனியச் சேகரிப்பாளர் பெட்டியில் அடங்குவதைத் தேடினர். வேதியியலார் நிறமியைத் தேடினர். சூழலியலார் காற்றைத் தேடினர். கல்வெட்டியலார் எழுத்தைத் தேடினர். ஒவ்வொரு தேடலும் பயனுள்ளதே. ஆனால் எல்லாத் தேடலிலும் பாறையின் செம்மஞ்சள் ஓடு ஏதோவொரு காரணத்தால் விளிம்பிலேயே நின்றது: மணமில்லை, பெயராது, எடை சேராது, மரத்தில் இல்லை, எழுத்தை மறைக்கிறது. ஓர் உயிர் அறியப்படாமல் போவதற்கு அது அரியதாகவோ மறைந்ததாகவோ இருக்க வேண்டியதில்லை. துறைகளின் கைக்கருவிகளுக்கு ஒவ்வாததாக இருந்தாலே போதும்.

இன்று இதற்கு அவசரம் வந்திருக்கிறது. பெங்களூரின் புறநகர்ப் பாறைக்குன்றுகள் கல்குவாரிகளாலும் வீட்டுமனைகளாலும் குறைந்து வருகின்றன. எஞ்சிய குன்றுகளில் விளம்பர எழுத்தும் வண்ணப்பூச்சும் ஏறுகின்றன. மனிதக் காலடி ஓயாது படும் பாறையில் மெல்லிய ஓடு நிலைப்பதில்லை. வெடித்துத் தகர்த்த பாறையின் புதுமுகத்தில் லைக்கன் மீண்டும் குடியேறலாம். ஆனால் பழைய முகத்தில் எவை வாழ்ந்தன என்பதை அது சொல்லாது.

இதற்கான வழி கடினமானதன்று. நினைவுச்சின்னமான பாறையில் உளி வைக்கலாகாது, வைக்கவும் வேண்டியதில்லை. குறித்த இடத்தில், அளவுகோல் வைத்து, ஆண்டுதோறும் ஒரே கோணத்தில் எடுத்த ஒளிப்படம் போதிய தொடக்கம். கல்லூரித் தாவரவியல் மாணவர்கள் அதைச் செய்யலாம். கல்வெட்டுக் கல்லைத் தேய்க்குமுன் அதன் மேற்பரப்பை முழுமையாகப் படமெடுத்து, லைக்கனின் பெயரையும் விட்டத்தையும் குறித்துவைப்பதைக் கல்வெட்டியல் களப்பயிற்சியின் ஒரு படியாக்கலாம். தூய்மை செய்த நாளைப் பதிந்துவைத்தால், அடுத்து வளரும் லைக்கனுக்கு அதுவே பிறந்தநாள் குறிப்பாகும்.

லுக்சம்பூர்த் தோட்டத்துக்கு லைக்கன்கள் திரும்பி வந்தன என்று இன்று சொல்ல முடிவதற்குக் காரணம், அங்கே எவை இருந்தன என்று 1866இல் ஒருவர் எழுதி வைத்திருந்தார் என்பதே. எழுதாத தோட்டத்துக்கு எதுவும் திரும்பி வருவதில்லை; எது போயிற்று என்பதே அங்கே தெரியாது. லால்பாக்கின் மரங்களுக்கு அத்தகைய பட்டியல் கிடைத்துவிட்டது. அதன் 300 கோடி ஆண்டுப் பாறைக்கும், நகரைச் சூழ்ந்த குன்றுகளுக்கும் அது இன்னும் முழுமையாக எழுதப்பட வேண்டியிருக்கிறது.